கார் ஆலை மூடப்பட்டால் படித்த படிப்பு என்னாகும்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்பட்டபோது உறவினர் ஒருவர் வேலையிழந்ததைப் பார்த்த நீங்கள், மகன் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைக் கண்டு அஞ்சுவது இயல்பே. ஆனால் அந்தத் துறையையே வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு முன், கார் நிறுவனங்கள் எதனால் மூடப்பட்டன, அங்கே வேலை பார்த்தவர்களில் யாருக்கு அடுத்த வேலை எளிதாகக் கிடைக்கும் என்பதை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

சென்னையிலேயே ஒரு பழைய கதை உண்டு. ஹெரால்டு, கெஸல் கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரை இறக்கியது. வெளித்தோற்றம் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காருடையது. பானெட்டைத் திறந்தால் இருந்ததோ பல்லாண்டுகளுக்கு முந்தைய வான்கார்டு என்ற காரின் வழிவந்த 1,991 சிசி இன்ஜின். விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். அதில் பாதிக்கும் குறைந்த விலையில் மாருதி 800 கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. உரிமம் பெற்ற மிகச் சில நிறுவனங்களே கார் செய்ய முடியும் என்றிருந்த நாட்களில் வாங்குபவருக்கு வேறு வழியில்லை என்பதால், இன்ஜினைப் புதுப்பிக்க வேண்டிய அவசரம் நிர்வாகத்துக்கு வரவே இல்லை. 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் நின்றுபோனதற்கும் ஏறக்குறைய இதுவே காரணம்.

ஃபோர்டு கதை வேறு. ஐகான், ஃபிகோ, எக்கோஸ்போர்ட் ஆகியவை மோசமான கார்கள் அல்ல. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட் மறைமலை நகரில் தயாரானதுதான். நம் தொழிலாளரின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டு விற்பனை மந்தமாக இருந்த நிலையிலும் குஜராத்தின் சனந்தில் இரண்டாவது ஆலை எழுந்தது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் தயாரிக்க வல்லவை என்றாலும், அதில் சிறு பங்கே பயன்பட்டது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கூறி, 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தார்கள். கணக்குத் தப்பியது மேலிடத்தில், வேலை போனது கீழே இருந்தவர்களுக்கு. அதே நேரத்தில் அதே நிறுவனம் சென்னையில் மென்பொருள், வடிவமைப்பு, நிதி சார்ந்த பணிகளுக்காக ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து வைத்திருந்தது என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள்.

அசெம்பிளி லைனில் ஒரே இடத்தில் நின்று பத்தாண்டுகள் ஒரே வேலையைச் செய்தவரிடம், அடுத்த ஆலையில் காட்டுவதற்கு அனுபவச் சான்றிதழைத் தவிர அதிகம் இருக்காது. அது அவர் குற்றமும் அன்று. வெல்டிங் ரோபோவின் புரோகிராமை மாற்றத் தெரிந்தவரும், லைன் திடீரென்று நின்றால் இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் பேனலைத் திறந்து எந்த சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று கண்டுபிடிப்பவரும், ஒரகடத்தின் கார் ஆலைக்கு மட்டுமல்ல, டயர் ஆலைக்கோ மருந்து ஆலைக்கோ கூடப் போக முடியும்.

ஆகவே என் கருத்து இதுதான். குரோம்பேட்டை எம்ஐடி போன்ற இடத்தில் கிடைத்தால் ஆட்டோமொபைல் பிரிவையே தயங்காமல் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் அல்லது ட்ரிபிள்-இ (மின், மின்னணுப் பொறியியல்) சேர்ந்து, வாகனம் சார்ந்த பாடங்களை விருப்பப் பாடமாக எடுப்பது மேல். மின்சாரக் கார்களில் மோட்டாரும் பேட்டரியும்தான் மையம் என்பதால் ட்ரிபிள்-இ-யைத் தங்கள் மகன் இளக்காரமாக நினைக்க வேண்டாம். தூத்துக்குடியில் 2025-இல் திறக்கப்பட்ட, வியட்நாமின் மின்சாரக் கார் நிறுவனமான வின்ஃபாஸ்டின் ஆலையைப் பார்த்து அவர் உற்சாகப்படுவதாக எழுதியிருந்தீர்கள். உற்சாகம் நல்லதே, ஆனால் புதிய ஆலை என்பது மட்டுமே உத்தரவாதம் ஆகாது. எந்த நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனாலும், ஆலையின் திறனில் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது, அடுத்த மாடல் எப்போது வருகிறது, முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தப் பிரிவுகளில் பயிற்சி கிடைக்கும் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை உறுதிசெய்யும் முன், கல்லூரிகளின் வரிசையை அவர் கையாலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஆய்வகம் எப்படி, பணிமனை எப்படி என்று இருவருமாக உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம்.