ஐரோப்பிய எம்3 வாங்கவா, அமெரிக்க எம்3 வாங்கவா?

தம்பி கேட்டது இதுதான். கோயம்புத்தூரிலிருந்து நியூ ஜெர்சி வந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அறை நண்பரின் காரில் தொற்றிக்கொண்டு ஆபீஸ் போய்வருகிறார். இனி சொந்தமாக ஒன்று வேண்டும். பள்ளிக்கூட நாளில் சுவரில் படம் ஒட்டி வைத்திருந்த பிஎம்டபிள்யூ இ36 எம்3-யையே (90-களின் ஸ்போர்ட்ஸ் மாடல்) வாங்கிவிடலாம் என்று ஆசை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று இங்கேயே விற்ற 1995 மாடல், 21,000 டாலர். இன்னொன்று ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த 1994 மாடல், 33,000 டாலர். "பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கு? எதற்கு 12,000 டாலர் கூட? கொடுக்கலாமா அண்ணா?"

பார்க்கத்தான் ஒன்றுபோல. நான் இந்த ஊருக்கு வந்து 26 வருடம். இரண்டு வகையையும் வைத்திருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்க எம்3-யை ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு விற்றேன். ஐரோப்பிய வண்டி இப்போதும் கராஜில் நிற்கிறது, பாதி நாள் ஏதாவது ஒரு பாகத்துக்காகக் காத்துக்கொண்டு.

முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஆறு சிலிண்டர், 2,990 சிசி. கணக்கு அதோடு சரி. ஐரோப்பிய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், அதாவது காற்றை உள்ளே விடும் மூடி, ஆக மொத்தம் ஆறு. கால் பட்ட கணத்திலேயே காற்று உள்ளே பாயும். அமெரிக்க எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கும் பொதுவாக ஒரே த்ராட்டில். அது சாதாரண 325 மாடலின் எஞ்சினைப் பெரிதாக்கி, மெருகேற்றிச் செய்தது. மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிறந்த வீடு வேறு. ஐரோப்பிய வண்டிக்கு 286 குதிரைசக்தி, அமெரிக்க வண்டிக்கு 240 என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அதிலும் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. 286 என்பது ஜெர்மன்காரர்களின் பிஎஸ் அளவு. அமெரிக்க அளவில் அது 282தான். ஆகவே வித்தியாசம் 46 இல்லை, 42. அந்த 42-ம் எங்கே கிடைக்கிறது? ஐரோப்பிய எஞ்சின் முழு பலத்தைக் காட்டுவது 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று), அமெரிக்க எஞ்சின் 6,000-த்தில். இங்கே எடிசன் ஊரில் ரூட் 1 சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது 7,000 ஆர்பிஎம்மை எந்தக் கணத்தில் தொடப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக் என்றால் பேச்சு வேறு.

ஏன் இப்படி இரண்டு வகை? இ36 எம்3 விஷயத்தில் முக்கியக் காரணம் விலை. 1995-ல் அது இங்கே 36,000 டாலரை ஒட்டிய விலைக்கு வந்தது. ஆறு த்ராட்டில் எஞ்சினை வைத்திருந்தால் அந்த விலைக்கு அடங்கியிருக்காது. பக்கத்து கனடாவுக்கு மட்டும் 1994-ல் 45 ஐரோப்பிய எம்3-கள் வந்தன, எல்லாம் கரும்பச்சை, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட தகடு. உங்களுக்குக் காட்டிய வண்டி அதில் ஒன்று என்று யாராவது சொன்னால் அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

பழைய கார்களில் சட்டம் புகுந்து விளையாடியது இன்னும் அதிகம். 1970-களில் அமெரிக்கா பம்பருக்கு ஒரு விதி கொண்டுவந்தது: ஐந்து மைல் வேகத்தில் இடித்தாலும் வண்டிக்குச் சேதம் வரக்கூடாது. பம்பர் விதிக்காக ஒட்டிய பெரிய பம்பரோடு அமெரிக்க லம்போர்கினி கவுன்டாஷைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டு வேட்டிக்கு மேல் ரெயின்கோட் போட்டது மாதிரி இருக்கும். 1984 போர்ஷே 911 கரேரா ஐரோப்பாவில் 231 குதிரைசக்தி, இங்கே 207. இங்கே ஈயமில்லாத பெட்ரோலுக்கும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் ஏற்றபடி கம்ப்ரெஷன் விகிதத்தை 10.3-லிருந்து 9.5-க்கு இறக்கினார்கள். 1983 வரை ஹெட்லைட்டைக்கூட அரசு சொன்ன அளவில், பல்பும் கண்ணாடியும் ஒரே கூடாக மூடியதாகத்தான் வைக்க வேண்டியிருந்தது.

அதனால் 80-களில் ஐரோப்பிய வண்டிகளைத் தனியாக இறக்கி, இங்கே ஒட்டுப்போட்டு விற்கும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 1988-ல் சட்டம் போட்டு அதை நசுக்கினார்கள். பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959-யே பல வருடம் சுங்கத்தில் கிடந்ததென்றால் நம்மைப் போன்றவர்கள் எந்த மூலை? இப்போது நமக்கு இருக்கும் சுலபமான வழி ஒன்றுதான். தயாரித்து 25 வருடம் முடிந்த வண்டிக்கு இங்கத்திய பாதுகாப்பு விதிகள் பொருந்தாது. 25 என்பது மாடல் வருடத்திலிருந்து இல்லை, தயாரித்த மாதத்திலிருந்து. உங்கள் 1994 வண்டி அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது, பயமில்லை. ஆனால் விற்பவரிடம் இறக்குமதியின்போது நிரப்பும் எச்எஸ்-7 படிவத்தின் நகலையும் சுங்கம் கட்டிய காகிதத்தையும் கேளுங்கள். "அதெல்லாம் எதற்கு, டைட்டில்தான் (உரிமைப் பத்திரம்) இருக்கே" என்று இழுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, இனி தினசரி வாழ்க்கைக்கு வருவோம். இந்த விவரங்களை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

ஐரோப்பிய வண்டியின் ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் இருக்கும். நமக்கு அது ஒரு கஷ்டமே இல்லை, பழகினதுதான். 65 மைல் என்றால் 105 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். பெட்ரோல் மூடிக்குள் 98 என்று எழுதியிருக்கும். இங்கே பங்கில் 87, 89, 93 என்றுதான் இருக்கும், 98-க்கு எங்கே போவது என்று முதல் வாரம் நானும் தேடினேன். அளக்கும் முறை வேறு, அவ்வளவுதான். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் காட்டும் 98, இங்கே காட்டும் 93-க்கு ஏறக்குறைய சமம். நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போடக்கூடாது என்பது தெரிந்திருக்கும். பங்கில் நிற்பவர் கேட்காமலேயே 87 போட்டுவிடுவார், வாயைத் திறந்து 93 என்று சொல்லிவிடுங்கள்.

ஹெட்லைட் ஐரோப்பிய வண்டியில் கண்ணாடி. என் அமெரிக்க வண்டியில் இருந்த பிளாஸ்டிக், ஐந்தாறு வருடத்தில் மோர் ஊற்றினது போல மங்கிவிட்டது. ஐரோப்பிய வண்டியின் டேஷ்போர்டில் ஹெட்லைட் ஒளியை ஏற்றி இறக்க ஒரு சின்னத் திருகு இருக்கும், டிக்கியில் சுமை ஏறினால் முன்பக்கம் தூக்குமே, அதற்கு. பின்னால் பனிமூட்ட விளக்கும் உண்டு. அதைத் தெரியாமல் போட்டுக்கொண்டு போனால் பின்னால் வருபவர் நீங்கள் விடாமல் பிரேக் பிடிப்பதாக நினைத்து ஹாரன் அடிப்பார். ஏர்பேக் அமெரிக்க வண்டியில் பெரிது. சீட் பெல்ட் போடாதவரையும் காப்பாற்ற வேண்டும் என்பது இங்கத்திய விதி. என் ஐரோப்பிய வண்டியில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் ஏர்பேக், பக்கத்தில் உட்காருபவருக்குச் சாமி துணை.

அப்புறம், ஏசி. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஏசி தனியாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் விஷயம். என் வண்டியின் முதல் உரிமையாளர் அந்தக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார். ஜூலை மாதம் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு ஒரே ஒரு தடவை குடும்பத்தோடு போனோம். பட்டுப்புடவையில் ஒரு மணி நேரம் வெந்த பிறகு வீட்டம்மா சொன்னது ஒரே வரி: "இத்தனை ஆயிரம் குடுத்து ஃபேன் இல்லாத வீட்டை வாங்கியிருக்கீங்க." அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவில்லை. நீங்கள் பார்க்கப் போகும் வண்டியில் ஏசி பட்டன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது குளிர்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, என் கைக்காசு போன கதை. அமெரிக்க வண்டியில் கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது, சத்தமே வராது. ஒன்பது வருடம் அப்படிப் பழகிவிட்டேன். ஐரோப்பிய வண்டி வந்த இரண்டாவது வாரம், கராஜில் வெளியே நின்றபடியே கதவு வழியாகக் கையை விட்டு, ரேடியோ போடச் சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டேன். வண்டி முதல் கியரில் இருந்தது. ஒரு துள்ளு. எதிரே நின்ற புல்வெட்டும் மெஷினை நசுக்கி, குப்பைத் தொட்டியைச் சுவரோடு ஒட்டிவிட்டு நின்றது. முன் பம்பருக்கு 900 டாலர். அந்த பம்பரும் இங்கே கிடைக்கவில்லை. அமெரிக்க பம்பரில் பக்கவாட்டு மஞ்சள் பிரதிபலிப்பான் வைக்க இடம் வெட்டியிருப்பார்கள். ஹாம்பர்க்கிலிருந்து ஏழு வாரத்தில் வந்து சேர்ந்தது.

பாகம் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. உண்மையான செலவு அங்கேதான். அமெரிக்க எஞ்சினில் வால்வு இடைவெளி எண்ணெய் அழுத்தத்தில் தானாகச் சரியாகிக்கொள்ளும். ஐரோப்பிய எஞ்சினில் மெக்கானிக் உட்கார்ந்து ஒவ்வொரு வால்வாக அளந்து, ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மொத்தம் 24 வால்வு. இங்கே பாதி மெக்கானிக்குகள் அந்த எஞ்சினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் பகுதி போனால் அது தனி அழுகை. அமெரிக்க எஞ்சினுக்கு 325 மாடலின் பாகங்கள் பல அப்படியே பொருந்தும், பழைய இரும்புக் கடையில்கூடக் கிடைக்கும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது இன்னொரு கூத்து. இங்கே விற்ற வண்டியின் சேஸிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லும். ஐரோப்பிய நம்பருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏஜெண்டின் கம்ப்யூட்டர் என் நம்பரை ஏற்கவே இல்லை. "தப்பாப் படிக்கிறீங்க" என்று நான்கு தடவை கேட்டார். கடைசியில் பழைய கார்களுக்கென்றே இருக்கும் பாலிசி எடுத்தேன். அதில் பெரும்பாலும் வீட்டில் தினசரி ஓட்ட வேறு ஒரு கார் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வரும். உங்களுக்கு இதுதான் ஒரே கார்.

நியூ ஜெர்சியைப் பொறுத்தவரை 1995-க்கும் அதற்கு முந்திய பெட்ரோல் கார்களுக்கும் இன்ஸ்பெக்ஷன் இல்லை, அந்த வகையில் நீங்கள் பார்த்த இரண்டும் தப்பித்தன. ஆனால் எச்1-பி விசா வாழ்க்கை எங்கே எப்போது தூக்கிப்போடும் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த புராஜெக்ட் சான் ஹோசேவில் வந்தால், கலிஃபோர்னியாவில் இந்த 25 வருடச் சலுகையை வைத்துப் புகைச் சோதனையிலிருந்து தப்பிக்க முடியாது. அங்கே அப்படி வயதை வைத்து விலக்கு 1975-க்கும் அதற்கு முந்திய மாடல் வண்டிகளுக்கும் மட்டும்தான். ஐரோப்பிய எம்3-யை அங்கே பதிவு செய்வதற்குள் அடுத்த புராஜெக்டே வந்துவிடும்.

ஆகவே என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் 1995 அமெரிக்க வண்டியை வாங்குங்கள். மிச்சமாகும் 12,000-த்தில் நான்காயிரத்தை ஒதுக்கி கூலிங் சிஸ்டம் முழுவதும், சஸ்பென்ஷன் புஷ்களும் மாற்றுங்கள். இ36-க்கு ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும்தான் எமன், எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும். அடியில் படுத்து, ஜாக்கி வைக்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு முதலில் தின்பது அங்கேதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த ஆறு த்ராட்டில் சத்தத்தை ஒரு தடவையாவது கேட்டாக வேண்டும் என்று தோன்றினால், அதுவும் நியாயம்தான். நான் என் வண்டியை விற்காமல் வைத்திருப்பதும் அதற்காகத்தான். 33,000 கேட்பவரிடம் போய் ஓட்டிப் பாருங்கள், காசா பணமா. நீங்கள் போய்ச் சேரும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று அவரிடம் முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். வேனோஸ் கடகடப்பு இருந்தால் ஆறிய எஞ்சினில் தெரிந்துவிடும். சாவியைத் திருப்பும் முன் மறக்காமல் கிளட்சை மிதியுங்கள்.