அத்தைக்கு வந்த சிறுநீரக நோய் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 38 வயது. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். அவருக்கு 42. இடுப்பு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுத்ததில், இரண்டு சிறுநீரகத்திலும் ஏராளமான நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொன்னார்கள். வலது சிறுநீரகம் 14.8 செ.மீ., இடது 15.6 செ.மீ. கிரியேட்டினின் 1.1, பி.பி. 150/96. மாமியார், அதாவது என் அத்தை, நான்கு வருடம் டயாலிசிஸ் செய்து 59 வயதில் இறந்தார். எங்கள் மகளுக்கு 15 வயது, மகனுக்கு 11. 'அம்மா நோய் மகனுக்கு, அப்பா நோய் மகளுக்கு. அதனால் எனக்கும் வராது, உன் பையனுக்கும் வராது' என்கிறார் நாத்தனார். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று என் அம்மா அழுகிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிய நோய் கிடையாது. தாத்தா (அப்பாவின் அப்பா) மட்டும் 49 வயதில் தலைவலி என்று படுத்து, அன்றே இறந்துவிட்டாராம். அப்பாவுக்கு 69 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். கணவர் தினமும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார். பக்கத்து வீட்டில் டயாலிசிஸ் செய்பவருக்குச் சொன்ன பத்தியத்தையே நானும் பின்பற்றி, காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'எனக்கும் வருமாம்மா?' என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரவும் வாய்ப்பு உண்டு, வராமல் இருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. தம்பிக்கும் இதே கணக்குதான். அவளிடம் மறைக்க வேண்டாம். மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்துவிட்டுக் கேட்கும் பெண்ணுக்கு இது நன்றாகவே புரியும்.

உங்கள் கணவருக்கு இருப்பது, ஏ.டி.பி.கே.டி. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் பரம்பரை நீர்க்கட்டி நோய். வயதானால் ஒன்றிரண்டு நீர்க்கட்டி சிறுநீரகத்தில் தெரிவது சாதாரணம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இது அப்படியல்ல. குடும்பத்தில் இந்த நோய் இருந்து, 40 முதல் 59 வயதுக்குள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் குறைந்தது இரண்டு கட்டி தெரிந்தாலே நோயை உறுதி செய்துவிடலாம். அவருக்கு ஏராளமாக இருக்கிறது. வழக்கமாக 10 முதல் 12 செ.மீ. இருக்க வேண்டிய சிறுநீரகம் 15 செ.மீ. அளவுக்கு வளர்ந்தும் இருக்கிறது.

'கிரியேட்டினின் 1.1 தானே, நார்மல் என்றுதானே ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது?' என்று நீங்கள் நினைக்கலாம். இந்த நோயில் பலர் ஏமாறும் இடம் இதுதான். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியேறும். மற்றதெல்லாம் நெஃப்ரானின் நுண்குழாய் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடும். அந்த நுண்குழாயின் சுவர் ஓரிடத்தில் புடைத்து, நீர் கோர்த்து, குழாயிலிருந்து தனியே பிரிந்துவிடுவதுதான் நீர்க்கட்டி. நூறு நெஃப்ரான்களில் ஒரு சிலதான் இப்படி ஆகின்றன. ஆனால் அவை பெருக்கப் பெருக்க, அக்கம்பக்கத்தில் நன்றாக இருப்பவற்றை நசுக்குகின்றன. மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டுவதால், கிரியேட்டினின் பல வருடங்கள் அசையாமல் நிற்கும். அது ஏறத் தொடங்கும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். உங்கள் கணவரின் வயதையும் 1.1 என்ற அளவையும் வைத்துக் கணக்கிட்டால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு சுமார் 86 மில்லி வருகிறது. நல்ல நிலைதான். சரியான நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

இனி பரம்பரைக் கணக்கு. இந்த நோய்க்குக் காரணமான முக்கிய ஜீன்கள் இரண்டு. ஒன்று 16ஆம் குரோமோசோமிலும் மற்றொன்று 4ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. நாலில் மூன்று பேருக்குப் போல 16இல் உள்ள ஜீன்தான் பழுது. அந்த வகையில் சிறுநீரகம் பெரும்பாலும் ஐம்பதுகளில் செயலிழக்கும். 4இல் உள்ள வகை மெதுவானது, பலருக்கு எழுபது வயது வரை தள்ளிப்போகும். அத்தைக்கு 55 வயதில் டயாலிசிஸ் ஆரம்பித்ததைப் பார்த்தால் முதல் வகையாக இருக்கலாம். எந்த ஜீனாக இருந்தாலும் அது ஜோடியாகத்தான் இருக்கும்; அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்கள் கணவரிடம் அம்மா வழியாக வந்தது பழுதானது, அப்பா வழியாக வந்தது நல்லது. விந்தணு உருவாகும்போது 46 குரோமோசோம்கள் பிரிந்து 23 ஆகின்றன. அப்போது ஒவ்வொரு விந்தணுவுக்கும் அந்த இரண்டில் ஒன்றுதான் போகும். பூவா தலையா போடுவது போலத்தான் இது. மகளுக்கு ஒருமுறை, மகனுக்குப் புதிதாக இன்னொருமுறை. ஒருவருக்கு வந்துவிட்டால் அடுத்தவருக்கு வராது என்றோ, ஒருவருக்கு வராவிட்டால் அடுத்தவருக்குக் கட்டாயம் வரும் என்றோ கணக்கு கிடையாது.

நாத்தனார் சொல்வதில் ஒரு சின்ன உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஜீன் அப்பாவிடமிருந்து மகளுக்கு மட்டும்தான் போகும். மகனுக்கு அவர் ஒய் குரோமோசோமைத் தருகிறார். ஆனால் 16ம் 4ம் ஆண், பெண் பார்க்காதவை. அதனால் நாத்தனாருக்கும் பிறவியிலேயே சரிபாதி வாய்ப்பு இருந்திருக்கிறது. தனக்கு வராது என்று நம்பிக்கொண்டு அவர் இதுவரை ஸ்கேன் எடுக்காமல் இருந்தால், உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் அழுகைக்கும் பதில் சொல்ல வேண்டும். சொந்தத்தில் கட்டியதால் இந்த நோய் வரவில்லை. உறவுத் திருமணத்தால் வாய்ப்பு கூடுவது ஒடுங்கு வகை நோய்களில். அப்பா, அம்மா இருவரிடமும் அறிகுறி இல்லாமல் ஒளிந்திருக்கும் ஒரே பழுது குழந்தையிடம் ஜோடி சேர்ந்தால்தான் அவை வெளிப்படும். குழந்தைப் பருவத்திலேயே வரும் வேறொரு நீர்க்கட்டி நோய் அந்த வகை. உங்கள் கணவருக்கு இருப்பது ஓங்கு வகை. ஒரே ஒரு பழுதான ஜீன் இருந்தாலே போதும். அவர் யாரைக் கட்டியிருந்தாலும் அவருக்கு இது இருந்திருக்கும், பிள்ளைகளுக்கும் இதே சரிபாதி வாய்ப்புதான்.

ஆனால் நீங்கள் அத்தை மகனைக் கட்டியிருப்பதால், நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தாத்தாதான் அத்தைக்கும் அப்பா. அத்தைக்கு இந்த ஜீன் எங்கிருந்து வந்தது? சிலருக்கு இது பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றும். பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்துதான் வரும். இந்த நோய் உள்ளவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு மூளை ரத்தக்குழாயில் ஒரு புடைப்பு இருக்கும். அது வெடித்தால் தாங்க முடியாத தலைவலி வந்து, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். 49 வயதில் தலைவலி என்று படுத்த தாத்தா அன்றே இறந்தார் என்று ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் இதுதான் இருந்தது என்று இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது. தாத்தாவிடமோ பாட்டியிடமோ இந்த ஜீன் இருந்திருந்தால், உங்கள் அப்பாவுக்குச் சரிபாதி வாய்ப்பு, உங்களுக்கு நாலில் ஒரு பங்கு.

ஆகவே முதலில் அப்பாவை வயிற்று ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். 69 வயதில் பி.பி. இருப்பது சகஜம், அதை மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம். 40 வயது தாண்டியவருக்கு இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து இரண்டு கட்டிகூட இல்லையென்றால், இந்த நோய் இல்லை என்றே சொல்லிவிடலாம். அப்பாவிடம் இல்லையென்றால் அவர் வழியாக உங்களுக்கும் வராது. அவருக்கு நிறைய கட்டிகள் இருந்தால் நீங்களும் ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டு பிரசவத்துக்கும் ஸ்கேன் எடுத்தோமே என்று விட்டுவிடாதீர்கள். அவை குழந்தையைப் பார்க்க எடுத்தவை.

கணவருக்கு இன்றே கவனிக்க வேண்டியது பி.பி.தான். 150/96 என்பதை இப்படியே விடக் கூடாது. கட்டிகள் ரத்தக்குழாய்களை அழுத்தும்போது சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து பி.பி.யை ஏற்றுகிறது, ஏறிய பி.பி. சிறுநீரகத்தை மேலும் கெடுக்கிறது. இந்தச் சுழலை உடைக்கும் மாத்திரைகள் பழையவை, விலை குறைந்தவை: ராமிப்ரில் வகை அல்லது டெல்மிசார்டன் வகை, இரண்டில் ஒன்று. ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். 130/80க்குக் கீழே கொண்டுவருவது முதல் இலக்கு. 50 வயதுக்குள் இருப்பவர், சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கிறது என்பதால், தலைசுற்றல் இல்லாமல் தாங்கினால் 110/75 வரைகூட இறக்கலாம். வீட்டில் ஒரு டிஜிட்டல் பி.பி. கருவி வாங்கி வையுங்கள்.

கட்டி வளரும் வேகத்தைக் குறைக்க டோல்வாப்டான் என்ற மருந்தும் இருக்கிறது. 2012இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் அது பலன் தந்தது. 2018இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. அதைச் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் சிறுநீர் போகும். கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும். எல்லோருக்கும் அது தேவைப்படாது. சிறுநீரகத்தின் மொத்தக் கொள்ளளவை எம்.ஆர்.ஐ.யில் அளந்து, வேகமாக வளரக்கூடிய வகையா என்று பார்த்துச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார்.

சாப்பாட்டில் நீங்கள் அவரை வீணாகக் கஷ்டப்படுத்துகிறீர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். காயை வேகவைத்துத் தண்ணீரை வடிப்பது பொட்டாசியத்தை வெளியேற்றத்தான். சிறுநீரகம் ஓய்ந்தவருக்கு ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பத்தியம். உங்கள் கணவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரைக்குள் இருந்தால் காய், கீரை, பழம் எல்லாம் வழக்கம்போல் சாப்பிடட்டும். குறைக்க வேண்டியது உப்பை. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகக் கூடாது. அதில் சோடியம் எவ்வளவு என்று மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சோடியத்தின் அணு நிறை 23, குளோரினுடையது 35.5, எனவே 5 கிராம் உப்பில் சுமார் 2 கிராம் சோடியம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் ஆகியவற்றில் உள்ளதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வாழைத்தண்டைப் பொரியல், கூட்டு செய்து தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் எந்தச் சாறும் இந்தக் கட்டிகளைக் கரைக்காது. அதை நம்பி பி.பி. மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் பக்கம் போகவே வேண்டாம். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும் கூடாது. பாராசிட்டமால் போதும். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோடு இடுப்பு வலி வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தாத்தாவின் கதை இருப்பதால், கணவருக்கு மூளை ரத்தக்குழாய்களைப் பார்க்கும் எம்.ஆர். ஆஞ்சியோ ஒருமுறை எடுப்பது பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். இதுவரை அனுபவித்திராத தலைவலி திடீரென்று வந்தால் அவசர சிகிச்சைக்கே போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு இப்போது ஜீன் பரிசோதனை வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வயதில் ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்றாலும், இல்லவே இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. இருக்கிறது என்று தெரிந்தாலும், எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு இப்போதைக்கு மருந்து கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை இருவருக்கும் பி.பி. பார்த்து, சிறுநீரும் சோதிக்க வேண்டும். பி.பி. கூடுதலாக இருந்தால் அப்போது ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். 18 வயதானபின் பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பெண் பார்க்க வரும்போது என்ன சொல்வது என்ற பயத்தில் இதைக் குடும்ப ரகசியமாக்கிவிடாதீர்கள். அந்த மாதிரி வீடுகளில்தான் சிறுநீரகம் முழுக்கக் கெட்டபிறகு ஆட்களை அழைத்து வருகிறார்கள்.

டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் என்றெல்லாம் இப்போது யோசிக்கும் கட்டத்தில் அவர் இல்லை. பிற்காலத்தில் தேவைப்பட்டாலும், வேறொருவர் தரும் சிறுநீரகத்தில் இந்த ஜீன் இல்லாததால் அதில் கட்டிகள் திரும்ப வராது. இந்த வாரம் கணவரைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி பி.பி. மாத்திரையை ஆரம்பியுங்கள். அப்பாவும் நாத்தனாரும் அதே வாரத்தில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளட்டும். தாத்தா இறந்த விவரத்தையும் அத்தையின் பழைய ரிப்போர்ட்டுகளையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.