லண்டனா, லிங்கன்ஷயரா என்று கேட்ட தங்கைக்கு

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு இங்கிலாந்தில் அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் இரண்டு மருத்துவமனைகளிலிருந்து வேலைக் கடிதம் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனமார்ந்த வாழ்த்துகள். ஒன்று லண்டனில் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்த வார்டு என்பதை வந்தபின் சொல்வார்களாம். மற்றது லிங்கன்ஷயரில் நடுத்தர மருத்துவமனை. அறுவைச் சிகிச்சை வார்டு என்று கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம், குளிர், பக்கத்தில் தமிழர்கள் இருப்பார்களா என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். குளிர் பழகிவிடும்; தமிழர்கள் எங்கும் இருக்கிறார்கள். நான் பதில் சொல்ல விரும்புவது உங்கள் கடைசி வரிக்கு: "முதல் வருடத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும்தானே அக்கா?" போதாது. இந்த நாட்டில் நீங்கள் எப்படிப்பட்ட செவிலியராக ஆகப்போகிறீர்கள் என்பது அந்த முதல் வருடத்தில்தான் முடிவாகிறது.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். இங்கிலாந்து முழுவதும் என்எச்எஸ்-க்கு ஒரே ஊதிய அட்டவணை. பதிவு பெற்ற புதுச் செவிலியர் எந்த ஊரிலும் பேண்ட் 5 என்ற ஊதிய நிலையில்தான். உள்லண்டன் என்றால் அதற்குமேல் 20 சதவீதம், வெளிலண்டன் என்றால் 15 சதவீதம் படி சேரும். அந்தப் படி முழுவதும் வாடகைக்கே போய்விடும். இங்கே செவிலியராக வேலை பார்க்க அனுமதிக்கும் பதிவு எண் கிடைக்கும்வரை பேண்ட் 3 அல்லது 4 ஊதியம்தான் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

அந்த எண்ணுக்கு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். மொத்தம் பத்து கட்டங்கள். வேலையில் சேரும் தேதியிலிருந்து 12 வாரத்துக்குள் முதல்முறை தேர்வுக்குப் போயாக வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்புகள். எட்டு மாதத்துக்குள் பதிவு முடியாவிட்டால் விசாவுக்கே ஆபத்து. எனவே இரண்டு மருத்துவமனைகளுக்கும் எழுதிக் கேளுங்கள். தேர்வுக்கு முன் எத்தனை வாரம் பயிற்சி? வார்டில் ஆள் இல்லாத நாளில் வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போவார்களா? இரண்டாம் முறை போக நேர்ந்தால் கட்டணம் யாருடையது? பதிவு எண் வந்தபின், ஷிஃப்ட் கணக்கில் சேர்க்காமல் எத்தனை வாரம் கூடுதல் ஆளாக வைத்திருப்பார்கள்? இங்கே பிரிசெப்டர்ஷிப் என்று புதுச் செவிலியருக்கு ஒரு வழிகாட்டுத் திட்டம் உண்டு. 2022-ல் அதற்கென்று தேசிய அளவில் நெறிமுறையே வெளியிட்டார்கள். காகிதத்தில் எல்லா இடத்திலும் இருக்கும். உங்கள் வழிகாட்டி உங்களோடு ஒரே ஷிஃப்டில் வருவாரா, இல்லை பெயருக்கு மட்டுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று. மாணவியாக இருந்தபோதே ஊசி, டிரிப் எல்லாம் போட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே நரம்புவழி மருந்து கொடுக்க, நரம்பில் கேனுலா குழாய் போட, ரத்தம் எடுக்க, ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அத்தனை நாளும் தங்கள் நோயாளிக்கு மருந்து ஏற்ற இன்னொருவரைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். இதையும் கேட்டுவிடுங்கள்.

எந்த வார்டு என்பதை வந்தபின் சொல்வோம் என்று லண்டன்காரர்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அப்படிச் சொன்னால், நீங்கள் இறங்கும் வாரத்தில் எங்கே ஆள் இல்லையோ அங்கே போடுவார்கள். எந்த வார்டில் ஆள் நிற்பதில்லையோ அங்கேதான் எப்போதும் ஆள் இருக்காது.

ஒப்பந்தத்தில் பணத்தைத் திருப்பிக் கட்டும் விதி இருக்கும். இரண்டு, மூன்று ஆண்டுக்குள் விலகினால் உங்களுக்காகச் செய்த செலவைத் திரும்பக் கேட்பார்கள். எந்தெந்தச் செலவு, எவ்வளவு, மாதம் போகப்போகத் தொகை குறையுமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொரு மருத்துவமனைக்கு மாற அவர்களும் விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை வாங்கித் தர உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் ஆளெடுப்பு நெறிமுறை. ஏஜென்ட் "பதிவுச் செலவு", "கோப்புச் செலவு" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2002-ல் நான் வந்தபோது ஆஸ்கி கிடையாது. அடாப்டேஷன் என்று சில மாதம் மேற்பார்வையில் வேலை செய்து, மேற்பார்வையாளர் கையெழுத்திட்டால்தான் பதிவு. என்னைக் கடலோர ஊர் ஒன்றில் தனியார் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. அந்த வேலையை நான் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. அந்த முதியவர்களில் சிலர் எனக்குத் தாய்போல் இருந்தார்கள். ஆனால் கையெழுத்திட வேண்டியவர் "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்றே நாளைக் கடத்தினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்த செவிலியர்கள் உதவியாளர் சம்பளத்தில் கிடைக்கும்போது அவர்களுக்கு என்ன அவசரம்?

பிறகு மருத்துவமனையில் சேர்ந்தேன், அன்றைய கணக்கில் பதிவு பெற்ற செவிலியருக்கு அடிமட்டமான டி கிரேடில். ஊரில் பெற்ற அனுபவத்தை யாரும் எண்ணவில்லை. ஆனால் அந்த வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் தலைமைச் செவிலியர், கற்றுக்கொடுப்பவர். பகல் ஷிஃப்டில் மருந்து வண்டியோடு என் பக்கத்திலேயே நடந்து வருவார். ஏன் இந்த மாத்திரை, ஏன் இந்த அளவு என்று கேட்பார். ஓர் இரவு நோயாளி ஒருவரின் மூச்சு வேகம் கூடிக்கொண்டே போனது. இளம் டாக்டர் காலையில் பார்க்கலாம் என்றார். நான் அவருக்கு மேலிருந்த ரெஜிஸ்ட்ராரை நேராக அழைத்தேன். அவர் வந்தார், நோயாளி அந்த இரவே தீவிர சிகிச்சைக்குப் போனார், பிழைத்து வந்தார். டாக்டர் சொன்னால் மறுபேச்சில்லை என்று வளர்ந்த பெண் அப்படி அழைத்தாள் என்றால், அது அந்த சிஸ்டர் எனக்குக் கொடுத்த தைரியம். இன்று மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் போன்றவற்றை வைத்துப் போடும் நியூஸ்2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் ஏழைத் தொட்டால் அவசர அழைப்பு என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. இருந்தாலும் ஃபோனை எடுக்கும் கை உங்களுடையதுதான்.

நம்மவர்கள் சிலர் "ஒன்றும் கேட்காதே, கையெழுத்துப் போட்டுவிட்டு வா" என்று சொல்வார்கள். தாங்கள் பட்டதைப் புதியவரும் பட வேண்டும் என்று நினைப்பவர்களை நான் மதிப்பதில்லை. வேறு சிலர் முதல் மாதத்திலிருந்தே விடுமுறை நாள் எல்லாம் கூடுதல் ஷிஃப்ட் பார்க்கச் சொல்வார்கள். 12 மணி நேர ஷிஃப்ட் முடித்த உடம்பு மறுநாள் எதையும் கற்றுக்கொள்ளாது. முதல் ஆறு மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், என் ஓட்டு லிங்கன்ஷயருக்கு. லண்டன்காரர்கள் வார்டின் பெயரையும் பயிற்சி வாரங்களையும் எழுத்தில் கொடுத்தால் மறுபடி யோசிக்கலாம். பெரிய மருத்துவமனையின் நல்ல வார்டில் கிடைக்கும் அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது. இன்றே கேள்விகளை அனுப்புங்கள். நீங்கள் முடிவு சொல்ல வேண்டிய கடைசி நாளுக்குள் அவர்களிடமிருந்து பதில் வராவிட்டால், வார்டின் பெயர் போட்ட கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.