பர்ட்விசில்: மருமகன் வீட்டுப் பெயருக்கு வேர் எங்கே?

கோவையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் மான்செஸ்டரில் இருக்கிறார், கட்டிக்கொண்டது அந்த நாட்டுப் பையனை, மருமகனின் குடும்பப் பெயர் பர்ட்விசில் (Birtwistle). பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வழியில் நாலு தலைமுறையை இவரே போனில் சொல்லிவிட்டார், அப்பா வழி, மருமகனின் தாத்தாவோடு நின்றுபோயிற்று. அந்தத் தாத்தா லங்காஷயரில் எங்கேயோ நெசவு ஆலை ஊர்க்காரர் என்பதுதான் வீட்டில் தெரிந்த ஒரே தகவல். இணையத்தில் தேடினால் 'பறவையின் சீழ்க்கை' என்று பொருள் சொல்கிறது ஒரு தளம், சிங்கம் போட்ட கேடயத்தை 'பர்ட்விசில் குடும்பச் சின்னம்' என்று ஃபிரேம் போட்டு விற்கிறது இன்னொரு தளம். பெயருக்கு உண்மையான பொருள் என்ன, இந்தப் பெயர்க்காரர்கள் எங்கே எவ்வளவு பேர் இருக்கிறார்கள், அந்தச் சின்னத்தை வாங்கலாமா, இங்கிருந்தபடியே மேற்கொண்டு எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, சின்னத்தை வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போகிற விஷயம் அது ஒன்றுதான். இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் எதுவும் கிடையாது. சின்னம் தனி மனிதருக்கு வழங்கப்படுவது, அவருடைய நேர் வாரிசுகளுக்கு மட்டும் இறங்குவது. 1484-இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்புதான் இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்கிறது. எப்போதோ ஒரு பர்ட்விசில் சின்னம் வாங்கியிருந்தாலும், உங்கள் மருமகன் அவருடைய வாரிசு என்று ஆவணத்தோடு காட்டினால்தான் அது இவர்களுக்கு உரியது. பேத்தியின் மரத்தில் அந்தச் சிங்கத்துக்கு இடமில்லை.

இப்போது பெயருக்கு வருவோம். இது ஒரு ஊர்ப் பெயர். லங்காஷயரில் பர்ன்லிக்குப் பக்கத்தில், ஹாப்டன், பாடியம் என்ற ஊர்களை ஒட்டி பர்ட்விசில் என்றொரு சிற்றூர் இருந்தது. இன்றைக்கு அந்த ஊர் இல்லை, பெயர் மட்டும் மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் 'பிரிட்' என்றால் பறவைக் குஞ்சு, 'ட்விஸ்லா' என்றால் இரண்டு ஓடைகள் வந்து சேருகிற கவட்டை போன்ற இடம். ஆக, குஞ்சுகள் நிறைந்த ஓடைக் கவட்டை. பறவை வரைக்கும் அந்தத் தளம் சொன்னது சரி, சீழ்க்கை பிற்காலத்து ஆட்கள் காதில் விழுந்ததை வைத்துக் கட்டியது. சுற்றுவட்டாரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது: ஆக்ரிங்டனை ஒட்டி ஆஸ்வால்ட்விசில், போல்டனுக்கு வடக்கே என்ட்விசில், கொஞ்சம் தள்ளி டார்பிஷயரில் டின்ட்விசில். எல்லாம் மலையடிவாரத்து ஓடைகள் கூடுகிற பகுதிகள். இத்தனை ஊரிலும் சீழ்க்கை அடித்திருக்க முடியாது.

ஊர்ப் பெயர் எப்படி ஆள் பெயராகும் என்று நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், அரியக்குடி பாடினார், செம்மங்குடி பாடினார் என்றுதானே சொல்கிறோம். 1066-இல் நார்மன்கள் வந்ததற்கு அப்புறம் முதலில் நிலக்கிழார்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தெற்கு இங்கிலாந்தில் 1400 வாக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிட்டது. லங்காஷயர் போன்ற வடக்குப் பகுதிகளில் இது இன்னும் தாமதம். அங்கே கிராமம் என்றால் வீடுகள் நெருக்கமாகக் கூடிய இடம் கிடையாது, மலைச்சரிவில் தள்ளித் தள்ளிப் பண்ணை வீடுகள், ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பெயர், அங்கிருந்து கிளம்பிப் பக்கத்து ஊருக்குப் போனவனுக்கு அந்தப் பெயரே அடையாளம். ஒரு கைப்பிடி வீடு மட்டுமே இருந்த இடத்திலிருந்து உலகத்துக்கே ஒரு குடும்பப் பெயர் கிடைத்த கதை லங்காஷயரில் நிறைய உண்டு. உங்களுக்கு இது பெரிய அதிர்ஷ்டம், அம்மா. ஸ்மித் என்ற பெயர் பிரிட்டனில் 5 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறது, ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் எந்த ஸ்மித் எந்த ஊர் என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. பர்ட்விசில் எத்தனை எழுத்துமுறையில் வந்தாலும் எல்லாவற்றையும் கூட்டினால் சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும், அவர்களில் பெரும்பாலோருக்கு வேர் அந்த ஒரே ஓடைக்கரை.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் விடை உண்டு. குடும்பப் பெயர் மகன்கள் வழியாக மட்டும் போகும்போது, ஒரு தலைமுறையில் மகன் இல்லாமல் போனால் அந்தக் கிளையில் பெயர் முடிந்தது. 1873-இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி இதை ஒரு கணக்காகவே கேட்டார், ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார், இருவரும் சேர்ந்து 1874-இல் வெளியிட்டார்கள். கணக்கு காட்டியது இதுதான்: யாரும் எதுவும் செய்யாமலேயே பெரும்பாலான பெயர்கள் காலப்போக்கில் தற்செயலாக அழிந்துபோகும். ஒரே ஊரில் முளைத்த பெயர் 600, 700 வருஷம் தாண்டி நிற்பதே பெரிய விஷயம்.

இந்தப் பெயர்க்காரர்கள் பெரும்பாலும் பிறந்த மண்ணை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த வரைபடங்களில் அடர்த்தியான நிறம் விழுவது பர்ன்லி, பிளாக்பர்ன், ஆக்ரிங்டன் வட்டாரத்தில்தான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜிபி நேம்ஸ் என்ற தளத்தில் பெயரைத் தட்டினால் அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், பேத்தியோடு உட்கார்ந்து பாருங்கள். இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில் 1934-இல் பிறந்ததும் ஆக்ரிங்டனில்தான், ஓடைக்கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். அந்த வட்டாரத்துக்கும் நமக்கும் ஒரு கணக்கு பாக்கி உண்டு: 19-ஆம் நூற்றாண்டில் இந்தியச் சந்தைக்கு என்றே வேட்டித் துணி நெய்து அனுப்பியவை பிளாக்பர்ன் வட்டாரத் தறிகள், அங்கே ஆலை நடத்தியவர்களில் பர்ட்விசில்களும் இருந்தார்கள், தறியில் நின்றவர்களிலும் இருந்தார்கள். மருமகனின் தாத்தா எந்தப் பக்கம் என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கிளை மட்டும் மலையைத் தாண்டி யார்க்ஷயருக்குப் போயிற்று, எனக்கு இந்தப் பெயரிலேயே ரொம்பப் பிடித்த கதை அது. ஸ்கிப்டனில் பர்ட்விசில் என்றொரு மாட்டு வியாபாரி. 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஸ்காட்லாந்து மலைப்பகுதிவரை போய் மாடு பிடித்து, கூட்டம் கூட்டமாக நடத்தியே கொண்டுவந்து, மால்ஹம் அருகே கிரேட் கிளோஸ் என்ற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கவிட்டு விற்றவர். அந்த ஒரே மைதானம் 732 ஏக்கர். ஒரே சமயத்தில் அதில் 5,000 மாடுகள் நின்றதாக 1786-இல் அந்த ஊர் ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஸ்காட்லாந்துப் பழக்கம் அதோடு விடவில்லை, 1780-களில் இந்தக் குடும்பமே தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் என்ற சின்ன ஊரில் பஞ்சாலை கட்டியது. அந்த ஆலைக் கட்டடங்களில் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். மாட்டு வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பஞ்சில் போட்ட குடும்பம், கோவைக்காரருக்கு இது அந்நியமாகவே இருக்காது.

இந்த யார்க்ஷயர்க்காரர்கள் பெயரில் டபிள்யூவுக்கு அடுத்து ஒரு எச் சேர்ந்துவிடும். தேடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பழைய கல்யாணப் பதிவை எடுத்துப் பாருங்கள். 1754-க்குப் பிறகு இங்கிலாந்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். நெசவுக்காரக் குடும்பங்களில் அந்தக் குறிதான் நிறைய. குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெயரை எழுதுவது பாதிரியார், அல்லது அவருடைய எழுத்தர், அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. அண்ணனுக்கு எச் இருக்கும், தம்பிக்கு இருக்காது. ஒரு பதிவில் ஐ இருந்த இடத்தில் இன்னொன்றில் யூ இருக்கும், டி இருந்த இடத்தில் டபுள் எஸ் இருக்கும். அமெரிக்காவுக்குப் போன கிளையில் பர்ட்விசில் முழுசாகவே பேர்ட்விசில் ஆகிவிட்டது, உடல்மொழி ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட மானிடவியலாளர் ரே பேர்ட்விசில் அந்த எழுத்துமுறைக்காரர். எனவே 'எங்கள் எழுத்துமுறை வேறு, அவர்கள் வேறு குடும்பம்' என்று யாராவது சொன்னால் 1850-க்கு முன்னால் அது செல்லாது.

சரி, தேடுகிற முறை. பழைய காலத்திலிருந்து இந்தப் பக்கம் வராதீர்கள். இணையத்தில் 14-ஆம் நூற்றாண்டுப் பர்ட்விசில் ஒருவர் கிடைத்தார் என்றதும் அவரைத் தாத்தா வரைக்கும் இழுத்து முடிச்சுப் போடத் தோன்றும், அப்படிப் போட்ட மரங்கள்தான் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. தாத்தாவில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவது 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. அதன் அட்டவணையை ஃப்ரீபிஎம்டி தளத்தில் காசில்லாமல் தேடலாம். ஆனால் பிறப்புக்கு மட்டும் ஜெனரல் ரெஜிஸ்டர் ஆஃபீஸின் சொந்தத் தளத்துக்குப் போங்கள், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், தேடுவது இலவசம். அங்கே 1837 முதலே தாயின் கன்னிக்காலக் குடும்பப் பெயர் இருக்கிறது, ஃப்ரீபிஎம்டியில் அது 1911-க்குப் பிறகுதான் வரும். ஒரே ஊரில் இரண்டு ஜான் பர்ட்விசில் பிறந்திருந்தால் உங்களுக்கு வேண்டியவர் யார் என்பதை அந்தத் தாய் பெயர்தான் பிரித்துக் காட்டும். சான்றிதழுக்கு மட்டும் கட்டணம், ஆளை உறுதி செய்துகொண்டு கடைசியில் வாங்கினால் போதும்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள். 1881 அட்டவணை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். பெயரை முழுசாக அடிக்காமல் பி என்ற எழுத்தை மட்டும் போட்டு, சந்தேகமான எழுத்துகள் வருகிற இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள், எச் இருக்கிறதோ இல்லையோ எல்லாம் சேர்ந்து வந்துவிடும். 1841 தாளில் வயதை நம்ப வேண்டாம், பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். 1851 முதல் வயதும் பிறந்த ஊரும் தெளிவாக இருக்கும், அந்த ஊர்தான் உங்களைத் தேவாலயப் பதிவேட்டுக்குக் கூட்டிப்போகும். இந்தப் பக்கம் வந்தால் 1931 தாள்கள் போர்க்காலத்தில் தீயில் போய்விட்டன, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, ஆகவே நடுவில் உதவுவது 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த பதிவேடு மட்டும். தாத்தாவின் அப்பா அம்மாவை அதில் பிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, பிறந்த தேதியும் வேலையும் இருக்கும். 1921 தாள்கள் இணையத்தில் கட்டணத்துக்குத்தான், ஆனால் மான்செஸ்டர் மத்திய நூலகத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்க வசதி செய்திருந்தார்கள், மகளை ஒரு போன் போட்டு விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

1837-க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான், 1538-இல் எழுதத் தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தது, எல்லா ஊரிலும் அவ்வளவு பழசு மிஞ்சவில்லை. லங்காஷயருக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு: லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற தன்னார்வலர்கள் அந்தப் பதிவுகளைத் தட்டச்சு செய்து முழு இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பாடியம், ஆல்தம், வாலி மூன்றையும் பாருங்கள், வாலி என்பது அந்தக் காலத்தில் மிகப் பெரிய பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தின் ஆளுகைப் பகுதி, சுற்றியிருந்த சிற்றாலயங்கள் எல்லாம் அதன் கீழ்தான் இருந்தன. தேவாலயத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால் மனம் விடாதீர்கள், அந்தப் பகுதியில் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளுக்குப் போனவர்கள் நிறைய, அவர்களுக்குத் தனிப் பதிவேடு.

டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அரிய பெயர்க்காரர்களுக்குப் பயன் உண்டு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,600-க்கு மேற்பட்ட ஆண்களின், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். ஸ்மித்களுக்குள் ஒற்றுமையே இல்லை. ஆட்டன்பரோ, ஸ்விண்டில்ஹர்ஸ்ட் போன்ற அரிய பெயர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆண்கள் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் உள்ளவர்கள் தத்து, மறுமணம், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாயின் பெயர் என்று ஏதோ ஒரு வழியில் பெயர் பெற்றவர்கள். பேத்திக்கு ஒய் குரோமோசோம் கிடையாது, சோதனை மருமகனுக்குத்தான் செய்ய வேண்டும், அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும். பள்ளி வேலைக்கு அது தேவையே இல்லை.

மருமகனின் அத்தை, சித்தப்பா என்று வயதானவர் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: தாத்தா பிறந்த ஊர், பாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். இந்த இரண்டும் கையில் வந்துவிட்டால் அட்டவணையில் அவர்கள் கல்யாணத்தை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். பாட்டி பெயர் யாருக்கும் தெரியவில்லை என்றால் தாத்தாவின் பெயரையும் ஏறக்குறையப் பிறந்த வருஷத்தையும் எழுதி அனுப்புங்கள் அம்மா, எந்தப் பதிவேட்டில் தொடங்குவது என்று சொல்கிறேன்.