நிற்கும் ஆள், உட்கார்ந்த ஆள், குழந்தை: உருவம் வரைவோருக்கான உடல் அளவுகள் – கேள்வி பதில்

கே: ஏ4 தாளில் நிற்கும் ஆளை வரைந்தால் காலுக்கு இடமே இருப்பதில்லை. எங்கே தப்பு?

முகத்தில் தொடங்கிக் கீழே இறங்குவதுதான் தப்பு. முகம் பெருத்துவிடும், மிச்ச இடத்தில் கால் குறுகிவிடும். முதலில் உச்சிக்கும் பாதத்துக்கும் கோடு போட்டு எல்லை கட்டுங்கள். உயரம் 24 செ.மீ. என்றால் 12 செ.மீ.யில் கால்கள் பிரியும் இடம் வரும். பாதி உயரம் இடுப்பில் என்று பலர் நினைக்கிறார்கள், அதற்கும் கீழே. அடியிலிருந்து 6 செ.மீ.க்குச் சற்று மேலே முழங்கால். தலை கடைசியில்: ஆளின் உயரம் உச்சி முதல் தாடை வரையுள்ள தலை நீளத்தைப்போல் ஏழரை மடங்கு, அதனால் 24-ஐ ஏழரையால் வகுத்தால் 3.2 செ.மீ.

கே: ஏழரைத் தலையா, எட்டா?

வளர்ந்தவருக்குச் சராசரி ஏழரை. எட்டு, அழகுக்காக நீட்டிய கணக்கு. உச்சியிலிருந்து எண்ணினால் மார்புக்காம்பு 2, தொப்புள் 3, கால்பிரிவு 4 என்று முழு எண்ணில் விழுவதால் பாடத்தில் நிலைத்துவிட்டது. கதாநாயகனுக்கு எட்டு போடலாம். பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு ஏழரை போதும், சிலருக்கு ஏழுதான்.

கே: கோயில் சிலைகளுக்கும் இதே கணக்கா?

இல்லை, அங்கே தாளக் கணக்கு; தாளம் என்பது முக நீளத்தை அலகாகக் கொண்ட சிற்ப அளவு. சிவன், விஷ்ணு திருமேனிகளுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாள அளவில் உயர்ந்த வகை, மொத்தம் 124 அங்குலம். இது ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல. சிலையின் உயரத்தையே பகுத்துக் கிடைப்பது. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து அளவு குறிப்பார்கள். ஒடியோலை என்று பெயர். ஒரு சாண் சிலையானாலும் ஆளுயரச் சிலையானாலும் விகிதம் மாறாது.

கே: நான் வரையும் குழந்தை குள்ளமான பெரியவர் போல இருக்கிறது.

பெரியவரைச் சுருக்கியிருக்கிறீர்கள். பிறந்த குழந்தை 4 தலை உயரம். ஐந்து வயதில் ஏறத்தாழ 6. அதே 24 செ.மீ. உருவத்துக்கு ஐந்து வயதுத் தலை 4 செ.மீ. வர வேண்டும். காலும் குட்டை: பிறந்த குழந்தைக்கு உடலின் நடு தொப்புளை ஒட்டியே இருக்கும். பெரியவருக்குக் கண் மண்டை உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில், குழந்தைக்கு அதற்கும் கீழே. கண்ணை மேலே ஏற்றினால் குழந்தை முகம் போய்விடும்.

கே: கை, பாதம்?

தொங்கும் கையில் முழங்கை இடையருகே, மணிக்கட்டு கால்பிரிவு மட்டத்தில், விரல்நுனி தொடை நடுவில். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை, தாடையிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை உள்ள நீளம். பாதம் முன்கை அளவு, அதாவது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. பெரும்பாலோர் இரண்டையும் பயந்து பயந்து சிறிதாக்குகிறார்கள்.

கே: உட்கார்ந்திருந்தால்?

சம்மணமிட்டவர் தரையிலிருந்து சுமார் 4 தலை, நாற்காலியில் இருப்பவர் ஆறுக்குச் சற்றுக் குறைவு. நம்மைப் பார்த்து நீளும் தொடைக்கு இந்தக் கணக்கு உதவாது. தெரிகிற நீளத்தைப் பென்சிலில் அளக்க வேண்டும். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி அளக்கவும். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் வேறாகும்.

கே: செல்போன் படத்தைப் பார்த்து வரையலாமா?

கிட்டே நின்று முகத்துக்கு நேராக எடுத்தால் தலை பெருத்து, பாதம் சிறுத்துவிடும். நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, போனைத் தொப்புள் உயரத்தில் செங்குத்தாகப் பிடித்து, 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.