கை மெலிஞ்சிருக்கேன்னு பயப்படாதீங்க

சகோதரி, எட்டு வயசுப் பையனுக்கு நாட்டுக்கட்டு போட்டு, முன்கை எலும்பு கோணலா கூடி, ரெண்டு மாசம் கழிச்சு ஆபரேஷன்ல பிளேட் வச்சாங்க, இப்போ கை குச்சியா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அசையாம கிடந்த தசை மெலியத்தான் செய்யும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில மாசத்துல தேறிடும். உள்ளங்கையை மேல திருப்புறதுதான் லேட்டாகும். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து சரின்னதும் சப்பாத்தி மாவு பிசையவிடுங்க, ஈரத்துணி பிழியவிடுங்க. எண்ணெய் போட்டு இழுத்துவிடுறேன்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

ஒண்ணு மட்டும் பாருங்க: மணிக்கட்டை நிமிர்த்தினா விரல் தானா மடங்கி, மணிக்கட்டை மடக்கினாத்தான் நீளுதா? அப்போ இறுக்கிக் கட்டினதுல ரத்த ஓட்டம் தடைபட்டு தசை சுருங்கியிருக்கலாம். வோல்க்மேன் சுருக்கம்னு சொல்வாங்க. தள்ளிப்போடாம சர்ஜன்கிட்ட காட்டுங்க.