தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஏன் இவ்வளவு கக்குகிறது? நான் சாப்பிடுவதுதான் காரணமா?

இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான், ஒவ்வொரு முறையும் கக்கிவிடுகிறது, மாமியார் நீங்கள் சாப்பிட்ட பருப்பைக் குறை சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பாவம், பருப்பின் மேல் பழி வேண்டாம்.

முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு உடம்பின் அமைப்புதான் காரணம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. உள்ளே போனது மேலே ஏறாமல் அதுதான் இறுக்கிப் பிடிக்கும். கைக்குழந்தைக்கு அது இன்னும் முதிர்ந்திருக்காது, அடிக்கடி தளர்ந்துவிடும். சாப்பாடோ வெறும் பால், நாள் முழுக்கப் படுக்கை. கக்காமல் என்ன செய்யும்? 4 மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போய், உட்காரப் பழகி, திட உணவும் ஆரம்பித்த பிறகு குறைந்து, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் நின்றுவிடும். 'கக்குகிற பிள்ளை தக்கும்' என்று பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. அளவைப் பார்த்தும் பயப்படாதீர்கள். இரண்டு ஸ்பூன் பாலைத் துண்டில் ஊற்றிப் பாருங்கள், குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதுபோல் தெரியும்.

என் இரண்டாவது பையனுக்குப் பாலின் வேகம்தான் பிரச்சினை. வாய் வைத்த கொஞ்ச நேரத்தில் பால் சுரீரென்று இறங்கும். மடக் மடக்கென்று விழுங்குவான், புரையேறும், வாயை எடுத்துவிட்டு வீறிடுவான். அந்த நேரம் பால் அவன் முகத்திலேயே பீச்சியடிக்கும். பாலோடு காற்றையும் விழுங்கியிருப்பானா, ஏப்பம் வரும்போது பாலும் சேர்ந்து வந்துவிடும். நான் பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அவனை என் மேல் குப்புறப் போட்டுக் கொடுத்தேன். வேகம் தணிந்தது. முதலில் பீறிடுவதை ஒரு துணியில் விட்டுவிட்டும் கொடுக்கலாம். ஆனால் பால் கட்டுகிறதே என்று பம்ப் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தால் இன்னும் அதிகம் சுரக்கும். ஒரு பக்கம் அவனாக விட்ட பிறகே அடுத்த பக்கம் கொடுங்கள்.

காம்பை மட்டும் கவ்விக் குடித்தாலும் காற்று உள்ளே போகும். குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா, உங்களுக்குக் காம்பு வெடித்து வலிக்கிறதா என்று பாருங்கள். குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். கக்குகிறதே என்று குப்புறப் போட வேண்டாம்.

சரி, அம்மாவின் சாப்பாட்டுக்கு வருவோம். அதில் உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டியது பசும்பால். அதிலுள்ள புரதம் கொஞ்சம் தாய்ப்பால் வழியாகவும் போகும். சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமை. அப்படியானால் கக்குவதோடு நிற்காது: மலத்தில் சளியோ ரத்தமோ, தோலில் கரப்பான், குடிக்கும்போதே வளைந்து நெளிந்து அழுகை என்று ஏதாவது கூடவே இருக்கும். அப்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், பனீர், காபியில் ஊற்றும் பால் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கலாம். குறைந்தால் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காரணம் அதுதானா என்று தெரியாது. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதத்திலேயே உங்களைக் காயப்போடுவதில் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை.

கக்கிவிட்டுச் சிரிக்கிற, எடை ஏறுகிற குழந்தைக்கு அமிலம் குறைக்கும் சொட்டு மருந்து தேவையில்லை. கிரைப் வாட்டரும் வசம்பும் வேண்டவே வேண்டாம்.

பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், காய்ச்சல், ஒன்றுக்குப் போவது குறைவது, எடை ஏறாமல் நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தூரப் பீச்சியடித்து வாந்தியெடுத்து, உடனே மறுபடி பசியில் அழுகிறது என்றால் இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். பிறந்து 3 முதல் 6 வாரத்தில் அதிகம் வருவது இது, ஆண் குழந்தைகளுக்குத்தான் கூடுதல். ஸ்கேனில் தெரிந்துவிடும், சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.